கல்லோயாவில் இறங்கிய கவுண்

போன கிழமை கொழும்பிலிருந்து ரயிலில் வந்தேன். ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததே பெரிய செய்தி… பொறுங்கள், அதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

நான் ஏறியது மட்டக்களப்பு ரயில். திருகோணமலைக்காரிக்கு அதில் என்ன வேலை? பகலில் ஊர் வர நினைக்கும் எங்களில் பலருடைய வழக்கம் அது. கல்லோயாச் சந்தி வரை வந்து, இறங்கி, எங்கள் பக்கம் போகிற ரயிலில் மாறி ஏறுவோம். பழகிப்போன கால்கள், கல்லோயா வந்தால் தாமாகவே இறங்கிவிடும்.

எனக்கு எதிரே பிறேமன். உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர், தெரிந்த முகம். மனிசனுக்கு இப்போது ஒரே கதைதான் — தனியார் சொகுசு ரயில்! வழக்கமான ரயிலின் பின்னால் இரண்டு பெட்டி கொழுவினால் தொடங்கிவிடலாமாம். ஏசி, கட்டில், துணி விரித்த சாப்பாட்டு மேசை, சீனக்குடாவில் கடல் பார்க்கப் பெரிய கண்ணாடி. பிறகு தனி ரயிலாகவே விடலாமாம்.

இருப்பதோ ஒற்றைப் பாதை. உங்கள் ராசா ரயில் எதிரே வந்தால் எங்கள் ஏழை ரயிலை எந்த ஸ்டேஷனில் ஒதுக்கி நிறுத்துவார்கள் என்று கேட்டேன். அதற்குள் கவுண் பிடிக்கிற முறை அவருக்கு வந்துவிட்டது.

என்ன கவுணா?

என் பக்கத்தில் இருந்தவர் மட்டக்களப்பு றெஜினா அக்கா. அவர் தங்கையின் மகளுக்கு மறுநாள் காலை தேவாலயத்தில் கலியாணம். பெண் உடுக்கக் கொழும்பில் தைத்த வெள்ளைக் கவுணை நீளமான உறையில் போட்டுக் கொண்டுவந்தார். மடிக்கக் கூடாது, நசியக் கூடாது என்று தைத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பெட்டியிலோ கொழுவ ஓர் ஆணிகூட இல்லை. பாவம், மனிசி அதைத் தூக்கிப் பிடித்தே கை மரத்துப் போயிருந்தார். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? நான் கொஞ்ச நேரம், எதிர் வரிசையில் இருந்த கிண்ணியாக்காரர் கொஞ்ச நேரம், பிறேமன் கொஞ்ச நேரம் என்று ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்தோம்.

கல்லோயா வந்தது. பிறேமன் எழும்பினார், பையைத் தோளில் போட்டார், இறங்கினார். நானும் இறங்கினேன். எங்கள் ரயில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் — ஜன்னலிலிருந்து றெஜினா அக்காவின் குரல்.

"தம்பி… கவுண்!"

பார்த்தால் உறை பிறேமனின் கையில்! பழக்கதோஷம் கவுணையும் சேர்த்து இறக்கிவிட்டது. மனிசன் விழுந்தடித்து ஓடிப்போய் ஏறினார்.

ரயில் புறப்படவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. மட்டக்களப்புப் பக்கம் மழைவெள்ளம் தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்துவிட்டதாம். ஆகவே இந்த ரயில் மட்டக்களப்புக்குப் போகாது. திருப்பித் திருகோணமலைக்கு விடுகிறார்கள்!

உண்மையைச் சொன்னால் என்ன? எனக்குச் சந்தோஷம். மாறி ஏறத் தேவையில்லை, பழைய இடத்திலேயே திரும்ப ஏறி இருந்தால் ஊர் வந்துவிடும். ஆனால் பக்கத்தில் றெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"அங்கயிருந்து எப்பிடிப் போறது மனே?" என்று மட்டும் பிறேமனைக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு ஆறுதல் சொன்னேன். முந்தி என்றால் துறைக்குத் துறை இறங்கிப் படகு ஏற வேண்டும், இப்போது கிண்ணியாவிலிருந்து எல்லாம் பாலம், பஸ் ஏறினால் பொழுது படக் கொஞ்சம் பிந்திப் போய்விடலாம் என்றேன். வாய்க்கென்ன, சொல்லும்!

திருகோணமலை ஸ்டேஷன் வாசலில் மட்டக்களப்பு பஸ் நின்றது. மிதிபலகையிலும் சனம். ஆள் ஏறலாம், கவுண் ஏற ஏலாது. றெஜினா அக்கா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் பிறேமனை ஏற்ற அவருடைய விடுதி வான் வந்தது. புது வான். வெளிநாட்டு விருந்தினருக்கென்றே வாங்கியது, ஏசி, மெத்தைச் சீட். பிறேமன் ஒன்றும் யோசிக்கவில்லை. பின் சீட்டில் வெள்ளைத் துவாயை விரித்து, கவுணை நீட்டுக்குக் கிடத்தினார்.

"ஏறுங்கோ அக்கா. கல்லோயாவில இறக்கினது நான்தானே. கொண்டுபோய் விடுறதும் என்ர வான்தான்" என்றவர், சாரதியிடம் மெல்ல ஓட்டச் சொல்லி அனுப்பினார். பிறகு நான் பிடித்த ஓட்டோவில், என் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு உப்புவெளிக்குப் போனார்.

தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லையென்றால் பட்டு மெத்தையும் பலகைச் சீட்டும் ஒன்றுதான். சொகுசு ரயில் வரட்டும், எனக்குப் பொறாமை இல்லை. அதற்கு முதல் பாதை உறுதியாக இருக்கட்டும்.

மறுநாள் காலை பிறேமனின் போன். றெஜினா அக்கா அவருக்குப் போன் எடுத்தாராம். பெண் தேவாலயத்துக்கு வெளிக்கிட்டுவிட்டாளாம், கவுணில் ஒரு சுருக்கமும் இல்லையாம். அப்பாடா! முகமே தெரியாத ஒரு பெண்ணுக்காக இப்படி நிம்மதிப்பெருமூச்சு விட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

போனை வைக்குமுன் பிறேமன் பழைய கதையைத் தொடங்கினார். "அக்கா, என்ர சொகுசு ரயிலில முதல் என்ன இருக்க வேணும்?"

"கவுண் கொழுவ ஓர் ஆணி" என்றேன்.