எட்டு ஆட்டுக் கண்கள்

மெர்கோங் பாசாரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த பாய், வாரத்தில் மூன்று நாள் எங்களுக்காக ஆட்டுக் கண்களை எடுத்து வைப்பார். எனக்கு ஒரு பை, அவளுக்கு ஒரு பை. இரண்டு பேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். பயன்படுத்தியதும் ஒரே லேசரைத்தான். அந்த லேசரைக் கட்டியவள் நான்.

அதைச் சொல்லாமல் என்னால் இதைத் தொடங்க முடியாது. திகாம் பத்துவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, இயற்பியல் படித்து, ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது எனக்குக் கிடைத்தது ஒரு காலி அறையும் அதிராத ஒரு மேசையும்தான். கண்ணாடிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அந்த மேசையின் மேல் ஒளியைத் துடிக்க வைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்துக் கோடிப் பங்காக்கினால் வருவது ஃபெம்டோ விநாடி. என் லேசரின் ஒவ்வொரு துடிப்பும் அப்படிச் சில நூறு ஃபெம்டோ விநாடிதான் நீடிக்கும். சூடு பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். அதனால் கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிவான விழிப்படலத்தை, மேற்பரப்பில் கீறாமல் உள்ளுக்குள் மட்டும் வெட்ட முடியும். அப்படி உள்ளே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி, ஓரத்தில் ஒரு சிறு துளை வழியாக உருவி எடுத்துப் பார்வைக் குறையைச் சரிசெய்ய நினைத்தோம்.

அவள் அதற்குப் பிறகு வந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள், மெர்கோங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். வந்த மாதமே ஒரு யோசனை சொன்னாள்.

“அக்கா, ஒவ்வொரு துடிப்புக்கும் சக்தியக் குறைச்சிட்டு, ரொம்ப நெருக்கமா போட்டுப் பாக்கலாமா?”

“அதெல்லாம் சரிவராது லா” என்றேன்.

நான்கு மாதத்தில் சரிவந்தது. அவள் வெட்டிய கண்ணிலிருந்து அந்த மெல்லிய வில்லை வெங்காயத் தோல் போல வழுக்கிக்கொண்டு வந்தது. நான் வெட்டியதில் அங்கங்கே இழை பிடித்துக் கிழிந்தது. நுண்ணோக்கியில் அவளுடைய வெட்டைப் பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அழவில்லை. சும்மா நின்றேன்.

காரணம் அவளுடைய யோசனை இல்லை, பாய் அவளுக்கு நல்ல கண்களாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு பைகளையும் திறந்து பார்த்தேன். உண்மைதான். என் பையில் கண்கள் ஐஸ்கட்டிகளோடு முட்டிக்கொண்டு கிடந்தன. ஐஸ் பட்ட இடமெல்லாம் படலம் வெளுத்திருந்தது. அவளுடைய பையில் ஒவ்வொரு கண்ணும் ஈரத்துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது.

அடுத்த முறை பாயிடம் கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சிதான் வந்து எப்படிச் சுத்தணும்னு சொல்லிக் குடுத்துச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலையே, மேடம்.”

அவள் தங்கச்சி, நான் மேடம். அவள் அவரை, அண்ணனை அவர் வீட்டார் கூப்பிடுவது போல ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள். “பசியாறிட்டீங்களா நானா?” என்று கேட்டுவிட்டு, நின்றபடியே ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போவாள். நான் காடியின் இன்ஜினை அணைக்காமல் பையை வாங்கிக்கொண்டு போகிறவள். இதற்கும் நான் அவள் மேல்தான் எரிச்சல்பட்டேன்.

அந்தச் சமயத்தில் பினாங்கிலிருந்து கண் அறுவை மருத்துவர்கள் சிலர் அவளுடைய வெட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலை வாரத்தின் முதல் நாள். அவர்களுக்குப் பிடித்திருந்தால் மனிதக் கண்ணில் செய்து பார்க்கும் கட்டத்துக்குப் போகலாம். அழைப்புக் கடிதத்தில் அவள் பெயர் மேலே இருந்தது. கருவிப் பொறுப்பு என்று என் பெயர் கீழே இருந்தது. கருவி!

அன்று காலை ஆறரை மணிக்கே பாசாருக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வழியில் சட்டென்று தோன்றியது என்று சொன்னால் பொய்.

“அவங்க பையையும் குடுங்க பாய். இன்னிக்கு ஆளுங்க வர்றாங்க, அவங்களுக்கு நேரமில்ல. நானே எடுத்துட்டுப் போறேன்.”

“அப்படியா? நல்லது மேடம்” என்று இரண்டு பைகளையும் என் கையில் கொடுத்தார். மொத்தம் எட்டுக் கண்கள்.

நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய் இரண்டை வெட்டினேன். இரண்டும் கிழிந்து பாழ். மீதி ஆறையும் குளிர்ப்பெட்டியோடு என் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். எட்டு மணிக்கு அவள் வந்தாள். நல்ல நீலத்தில் பாஜு அணிந்திருந்தாள், மருத்துவர்களுக்காக.

“அக்கா, பாசார்ல கண்ணு கிடைக்கல. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?”

“ரெண்டுதான் கிடைச்சிச்சு. வெட்டிட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் மேசைக்கு அடியில் பார்க்கவில்லை. “பரவால்லக்கா” என்றாள்.

அவளிடம் இருந்தவை வியாழக்கிழமைக் கண்கள். படலம் ஊதி, பால் ஊற்றியது போல மங்கியிருந்தது. மருத்துவர்கள் சுற்றி நிற்க, அவள் வெட்டிய வில்லை பாதியில் கிழிந்தது. இன்னொன்றும் கிழிந்தது. அவர்கள் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மதியம் எனக்கு நல்ல பசி. இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்த மீன் குழம்பின் ருசியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதை நினைத்தால்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பாசாரில் பாய் கேட்டார்: “அன்னிக்கு நீங்க போன கொஞ்ச நேரத்துல தங்கச்சி வந்துச்சு. எல்லாத்தையும் உங்ககிட்ட குடுத்துட்டேன்னு சொன்னேன். வேல நல்லபடியா முடிஞ்சிச்சா?”

நான் பையை வாங்காமலே காடியில் போய் உட்கார்ந்தேன். என்னிடம் வந்து கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் நேராக அவளிடம் சொன்னேன். “அன்னிக்கு உன் கண்ணெல்லாம் என்கிட்டதான் இருந்திச்சு.”

“தெரியும்க்கா.”

“அப்புறம் ஏன் அவங்க முன்னாடி சொல்லல?”

அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “சொன்னா நீங்க லேசரத் தொட விடமாட்டீங்க. எனக்கு லேசர் வேணும்க்கா.”

பெருந்தன்மையாக மன்னித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அதற்குக்கூடப் பொறாமைப்படத் தயாராகத்தான் வந்தேன். அவள் என்னைக் கண்டு பயந்திருக்கிறாள். நான் மூன்று வருடம் உழைத்துக் கட்டியதை வைத்தே அவளைப் பயமுறுத்தியிருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

அன்று மாலையே, அதுவரை என்னிடம் மட்டும் இருந்த லேசர் அறைச் சாவியில் இன்னொன்று செய்து அவளிடம் கொடுத்தேன். மருத்துவர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். அன்று கண்கள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான் என்று மறைக்காமல் எழுதினேன். பதில் வர நாளானது. மறுபடி அவர்கள் வந்தபோது மூன்று நாள் உட்கார்ந்து லேசரைச் சரிசெய்து வைத்திருந்தேன். வில்லை முழுசாக வந்தது. “லேசர் அக்காவோடது” என்று அவள் என்னைக் காட்டினாள். ஒரு மருத்துவர் எனக்குத் தலையசைத்துவிட்டு, அடுத்த கேள்வியை அவளிடம் கேட்டார். அப்போதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அவள் பினாங்குக்குப் போய்விட்டாள். முதல் ஆளுக்குச் சிகிச்சை செய்த அன்று என்னையும் அழைத்திருந்தாள். கோலா கெடா படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண். மறுநாள் கட்டுப் பிரித்ததும் அந்தப் பெண் கண்ணாடி இல்லாமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னாள். சொல்லிவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அந்தக் கை என் கையைப் பிடித்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே என் வரைபடத்தை வைத்துக் கட்டிய லேசரின் துடிப்பு நீண்டுகொண்டே போகிறது, யாருக்கும் காரணம் தெரியவில்லை என்றாள். அவள் சொன்ன எண்களைக் கேட்டதுமே எந்தக் கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தாமதித்தேன். தாமதித்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு எந்தத் திருகை, எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொன்னேன்.

“எண் இறங்குதுக்கா” என்றாள். “இன்னும் இறங்குது.”

“நிறுத்தாத. இன்னும் கொஞ்சம் திருப்பு” என்றேன்.