ஒரு முழு ஜாதிக்காயும் லெச்சுமியின் பெயரும்

இன்று ஹட்டன் டவுன் பார்மசி ஒன்றில்...

சரியாகத் தூக்கம் வருவதில்லை என்றேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு போத்தலை எடுத்து வைத்தாள்.

"இது மருந்தே இல்ல ஆன்ட்டி, சப்ளிமெண்ட்தான். எல்லாம் நேச்சுரல். ஒண்ணும் செய்யாது!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். நாலாவது வரியில் ஜாதிக்காய்.

போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். (ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்காகவாவது வாங்கியிருக்கலாம். எனக்கு எண்பத்திரண்டு வயது!)

ஏன் வாங்கவில்லை என்பதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குக் கலியாணமாகி ஆறு மாதம். கொழுந்து பறிக்கும் வேலை. பக்கத்து நிரையில் எப்போதும் லெச்சுமி. என் வயதுதான். வாய் ஓயாமல் பேசுவாள்.

ஒரு மழை நாளில் சரிவில் கல் புரண்டு, லெச்சுமி கீழே ஓடைக்குள் விழுந்து செத்துப்போனாள்.

"அவளாத்தான் அந்தப் பக்கம் போனா" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பொய்!

"சுத்திப் போகாத லெச்சுமி, இப்படிக் குறுக்கால வா" என்று கூப்பிட்டதே நான்தான்.

அன்றோடு என் தூக்கம் போனது. கண்ணை மூடினால் கல் உருளும் சத்தம். மூன்று வாரம் இப்படியே. என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. தோட்டத்தார் குடியிருக்கும் லயத்து அறையில் நான் தனியாக விழித்துக் கிடப்பேன்.

கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். நல்ல மனிதர். இரண்டு ஜாதிக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"பால்ல ஒரு சிட்டிகை ஒரசிப் போட்டுக் குடிங்க மகள். ஒரு சிட்டிகைதான், வெளங்குதா? கூடிப்போனா ஆகாது."

ஒரு சிட்டிகை போட்டேன். தூக்கம் இல்லை. மறுநாள் இரண்டு சிட்டிகை. அதற்கும் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு காயை முழுதாக அரைத்துக் குடித்துவிட்டேன்! (இருபது வயதுப் புத்தி.)

தூங்கினேன். அப்படித்தான் நினைத்தேன்.

விழித்தபோது மறுநாள் சாயங்காலம். நாக்கு மரப்பட்டை போல வறண்டிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு நாள் சம்பளம் போச்சே என்று பதறி எழுந்தேன்.

அப்போதுதான் கைகளைப் பார்த்தேன். விரல்கள் பத்திலும் கொழுந்துக் கறை! கால் முட்டிவரை ஈரச் சேறு. மூலையில் என் கூடை, நனைந்தபடி.

அடுத்த அறைச் சரசு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"பாக்கியம், ஒனக்கு இன்னைக்கு என்ன புள்ள ஆச்சு?"

"ஏன்? நான் தூங்கிட்டேன்க்கா. வேலைக்கே வரலையே!"

சரசு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"காலையில பேர் பதியுற பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால வந்து நின்ன. ஒன் நெரைய விட்டுட்டு லெச்சுமி நெரையில எறங்கின. மழை பேயுது, தலையில கொங்காணி கூட இல்ல. தன்னால பேசிக்கிட்டே பறிச்ச. கொழுந்து நிறுக்கையில கணக்கப்பிள்ளை பேரு கேட்டாரு..."

"கேட்டா?"

"லெச்சுமின்னு சொன்ன."

எனக்கு எதுவுமே நினைவில்லை. ஒரு துளிகூட!

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா நாடி பிடித்துப் பார்த்துத் திட்டித் தீர்த்தார்.

"முழுக் காயா? புத்தி இருக்கா ஒனக்கு? ஜாதிக்காய் மிஞ்சினா மூளையக் கலக்கிரும். செத்திருப்ப! இனிமே அதத் தொடாத."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பேய் இல்லை, பிசாசு இல்லை. காய்தான்!

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் லெச்சுமியின் அம்மா வந்தார். கையில் ஒரு தம்ளர் பால். மேலே பழுப்பாகத் தூள் மிதந்தது. வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

"லயத்துல சொன்னாங்க. நீ குடிச்ச மாதிரியே ஒரு முழுக் காயி அரைச்சுப் போட்டிருக்கேன். குடி தாயி."

"வேணாம் பெரியம்மா. டாக்டர் ஐயா திட்டினாரு."

"ஒரே ஒரு தடவ. எனக்காக."

தம்ளரை வாங்கிவிட்டேன். குடித்திருப்பேன். அந்த அம்மாவுக்கு நான் செய்ததற்கு, என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் உதடுவரை கொண்டு போனவள் குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"பெரியம்மா, லெச்சுமி தானா அந்தப் பக்கம் போகல. நான்தான் குறுக்கால கூப்பிட்டேன். நான்தான்!"

அவர் திடுக்கிடவில்லை. கோபப்படவும் இல்லை.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான். நேத்து மத்தியானம் மழையில வந்து என் கதவத் தட்டுன. 'பாக்கியத்த வையாத ஆத்தா, அவ நல்லதுக்குத்தான் கூப்பிட்டா, கல்லுதான் நெகிழ்ந்திருச்சு'ன்னு சொன்ன. அது ஒன் கொரல் இல்ல தாயி."

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

தம்ளரை மறுபடி என் கையில் திணித்தார். "இன்னும் ஒரே ஒரு தடவ அவளக் கூட்டிட்டு வா. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். சும்மா பாத்துக்கிறேன்."

நான் வாசலுக்குப் போய்ப் பாலைக் கொட்டினேன். அது கல் இடுக்கில் ஓடி முழுதும் மண்ணில் இறங்கும்வரை அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என் மேல கோவமா பெரியம்மா?"

"வையாதன்னு அவளே சொல்லிட்டாளே. நான் எப்படி வைவேன்?"

போகும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கதவுக்கு வெளிய நின்னு, 'ஆத்தா, தவக்களை வந்திருக்கேன்'னுதான் கூப்பிட்ட. அவ கைப்பிள்ளையா இருக்கையில நானும் அவ அப்பனும் வச்ச பேரு. அந்த மனுசன் போனதுக்கப்புறம் நான் வாய் தொறந்து சொன்னதே இல்ல."

ஜாதிக்காய் மிஞ்சினால் மூளை கலங்கும். நம்புகிறேன்! லெச்சுமியே எப்போதாவது கொழுந்து பறிக்கும்போது அந்தப் பேரை என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் மறந்திருக்கலாம். அறுபது வருடமாக நினைவைத் துழாவிப் பார்த்துவிட்டேன்.

அகப்படவே இல்லை.

நீங்களே சொல்லுங்கள், அந்தப் பேரை எனக்கு யார் சொன்னது?