வளைகுடாவுக்குப் போன என் ரேகை

வளைகுடாவில் ஒரு கொலை வழக்கில் என் மகனுக்குத் தூக்கு. கருணை கேட்டு மன்னரிடம் கொடுக்க, தாயின் மனுவை நம் தூதரகம் கேட்டது. விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தர் பெண், "ரேகை வைங்க ஆச்சி" என்றாள்.

"நான் கைநாட்டு இல்ல தாயி. எம்பேர எழுதுவேன்."

பேனாவை வாங்கினேன். பாதிப் பெயரில் எழுத்து மறந்து, தாள் பாழானது. மறுதாளில் கட்டைவிரலை வைத்தேன். நாற்பது வருடம் வெடி சுற்றித் தேய்ந்த விரல். வெறும் மைதான் அப்பியது.

"இப்படி இருந்தா மனு போகாதா தாயி?"

"போகும். பயப்படாதீக ஆச்சி." விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். ஐந்தாவது தாளில் மங்கலாக விழுந்தது.

தூக்குத் தேதியைத் தள்ளியிருக்கிறார்களாம். மன்னரிடமிருந்து பதில் வரவில்லை. போன் அடித்தால், கையெழுத்துதான் போடுவேன் என்று நான் வீம்பு பிடித்த அந்த நிமிடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.