லாபம்னு எண்ணி எடுத்த போட்டோ

அப்போ உலகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம். சேலம் சூரமங்கலத்துல, ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்துல எங்க ஊட்டுக்காரரு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தாரு. ஆம்பளை முன்னால உக்காரக் கூச்சப்பட்டு நெறையப் பொம்பளைங்க வாசலோட திரும்பிப் போயிருவாங்க. "நான் கத்துக்கறனுங்க"ன்னு நானேதான் கேட்டேன். பரமத்திப் பக்கம் காடு தோட்டத்துல வளந்தவ, இவ என்னத்தைக் கத்துக்கப் போறான்னு அவரு நெனச்சிருப்பாரு. எனக்கு ரோஷம் சாஸ்தி.

பொட்டி மாதிரி பெரிய கேமரா. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா, பின்னாடி இருக்கற மங்கல் கண்ணாடியில ஆளுங்க தலைகீழாத் தெரிவாங்க. மொத நாள் எனக்குத் தலையே சுத்திருச்சு. உருவம் தெளிவாகற வரைக்கும் லென்சை முன்னும் பின்னும் நகத்தணும். அப்புறம் மருந்து தடவுன கண்ணாடி பிளேட்டைச் சொருகி, லென்சு மூடியைக் கழட்டி, மனசுக்குள்ள நாலு எண்ணி மூடணும்.

அதெல்லாம் ஒரு மாசத்துல படிஞ்சிருச்சு. எண்ணறதுதான் வம்பு. களத்துல தானியம் அளக்கறப்ப நாங்க ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம், "லாபம்"னுதான் ஆரம்பிப்போம். அதுவும் அளக்கற வள்ளம் நெறையற வரைக்கும் "லாபம்... லாபம்..."னு இழுப்போம். சின்னதுல இருந்து வாயில ஊறுனது எங்க போகும்? லென்சு மூடியைக் கழட்டுனாலே வாய் தானா "லாபம்"னு முணுமுணுக்கும். "இங்க என்ன கம்பா அளக்கறே?"ன்னு தெனமும் அவருகிட்டப் பேச்சு வாங்குவேன்.

ஒரு நாள் அவருக்குக் குளிர் காய்ச்சல். உள்ளே கம்பளியைப் போத்திப் படுத்திருந்தாரு. மத்தியானம் ஒரு அம்மாவும் மகனும் அரக்கப்பரக்க வந்தாங்க. பையன் பட்டாளத்துல சேந்துட்டான், இன்னும் ஒரு மணி நேரத்துல ரயிலு. அந்தம்மாவுக்கு அவனை விட்டா ஆருமில்லை. "எம் பையன் மொகம் எங்கிட்ட இருக்கோணும் சாமி"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. சண்டையால சரக்கு வராம, எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பிளேட்டு. உள்ளே எட்டிப் பாத்தேன். அவரால எந்திரிக்கவே முடியல. "நீயே எடு"ன்னாரு.

ரெண்டு பேரையும் உக்கார வச்சு, "துளிகூட அசையக் கூடாதுங்க"ன்னு சொல்லிட்டு, எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். மூடியைக் கழட்டுனேன் பாருங்க. மனசுக்குள்ள எண்ண வேண்டியவ, "லாபம்!"னு சத்தமாக் கத்திப்போட்டேன்! பையனுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. "ஏனுங்கக்கா, எங்களை எத்தனை வள்ளம்னு அளக்கறீங்களா?"ன்னு அம்மா பக்கம் திரும்பிட்டான். நான் பதறி மூடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்தம்மா மட்டும் நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அசையாம இருந்தாங்க. அப்புறம் ரயிலுக்கு நேரமாச்சுன்னு ரெண்டு பேரும் ஓடிட்டாங்க.

இருட்டறையில பிளேட்டைக் கழுவுனப்பவே தெரிஞ்சுபோச்சு. அம்மா மொகம் அத்தனை தெளிவு. பையன் மொகம் கலங்கிக் கெடந்துச்சு, சிரிப்பு மட்டும்தான் அடையாளம். அழுகையா வந்துச்சு எனக்கு. "பிளேட்டு ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லிரு, கடைப் பேரு கெடாது"ன்னாரு இவரு. நானும் சரின்னுட்டேன். ஆனா மனசு கேக்காம காகிதத்துல ஒரு படம் போட்டு உள்ளே வச்சிருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா வந்து நின்னாங்க. அவங்க மொகத்தைப் பாத்ததும் எனக்குப் பொய் சொல்ல மனசு வரல. படத்தை எடுத்து நீட்டி, "எந் தப்புதாங்க, மன்னிச்சுப்போடுங்க"ன்னு அழுதுட்டேன். அவங்க கிட்ட வச்சுப் பாத்தாங்க, எட்ட வச்சுப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. "அவன் என்னிக்கு அம்மிணி சும்மா இருந்தான்? ஆடாம உக்காந்திருந்தா அது எம் பையனே இல்லை"ன்னு சொல்லி, முந்தானையில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாங்க.

சண்டை முடிஞ்சு அந்தப் பையன் நல்லபடியாத் திரும்பி வந்தான். அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க கடைக்கே வந்தான். இத்தனை நாளும் அந்தப் படத்தோடதான் பேசிக்கிட்டுக் கெடந்தேன்னு அந்தம்மா சொன்னாங்க. அன்னிக்கு மட்டும் பிளேட்டு ஒடஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா என் பேரு தப்பிச்சிருக்கும், ஆனா அந்தத் தாயி அத்தனை வருஷமும் ஆருகிட்டப் பேசியிருப்பாங்கன்னு நெனச்சா, இன்னிக்கும் எனக்கு நெஞ்சு பதறுது.