பாலம் தாங்கும் அசுரன்

பக்கவாதத்தில் அக்காவின் வலது கையும் காலும் விழுந்துபோனதைக்கூட நாங்கள் ஒருவாறு ஏற்றுக்கொண்டோம். பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை. கைலாசபுரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். எதிர்முனையில் யாராவது இருமினால்கூட அது யார் என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வேண்டாமென்றாலும் அதான். கோபம் வந்தால் அதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் போகிற வழியில் ஓர் அபார்ட்மென்ட்டில் அவளும் மாமாவும் இருந்தார்கள். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமைகளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அங்கே போய்விடுவேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆப்பிள், நாய், குழாய் என்று படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். அக்கா இடது கையால் அவ்வளவையும் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. "சின்னப் பிள்ளைங்க படம்னு அவங்களுக்குப் பிடிக்கல போல. வேற ஏதாவது படம் இருந்தா குடுத்துப் பாருங்க" என்றாள்.

என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன காமிக்ஸ் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. தேவர்களும் அசுரர்களும் நிறைந்த மாயக்கதை. நம் புராணம் எதுவும் இல்லை, யாரோ புதிதாகக் கற்பனை செய்தது. கனமான தாள், பக்கம் முழுக்க வண்ணம். அடுத்த வாரம் அதைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தேன். அவள் அதைத் தள்ளவில்லை.

முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள், எட்டுக் கைகளிலும் எட்டுக் குடம் வைத்திருக்கிற ஒரு நதி தேவதையைத் தொட்டுக் காட்டி, என்னையும் தொட்டாள். வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தாள். பள்ளிக்கூடம், வீடு, அவள் வீடு என்று நான் ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. நோய் வந்த பிறகு அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசினது அதுதான். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு அந்தப் புத்தகமே எங்கள் பாஷையானது. மேகத்தில் மிதந்துபோகும் தேவனைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் வந்து நிற்காமல் போகிற டாக்டர். மீன் தலை அசுரன் எதிர்வீட்டு அம்மாள். தலையிலிருந்து முள் முளைத்தவன் தலைவலி. நான் தப்பாகச் சொன்னாலும் "அதான்" என்பாள், சரியாகச் சொன்னாலும் "அதான்" என்பாள். கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் கோபம் வந்தால் பேசமாட்டார். கத்தமாட்டார், கை நீட்டமாட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். வாரக்கணக்கில் ஒரு வார்த்தை வராது. "ஆபீஸ்ல நாள் பூரா பேசிட்டு வீட்டுக்கு வந்தா செவுத்தோட இருக்கேன்டி" என்று அக்கா ஒரு காலத்தில் என்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அவள் படுத்த பிறகு அந்த மனிதர்தான் அவளைத் தூக்கினார், குளிப்பாட்டினார், ஊட்டினார். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, "அவளுக்கு வேற கை ஆகாதும்மா" என்றுவிட்டார்.

அன்றைக்கு மாமா அவள் தலையை வாரிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். கரிய உடம்பும் இரண்டு கொம்புகளுமாக ஓர் அசுரன் ஆற்றில் மார்பளவு நீரில் நிற்கிறான். ஒரு கல்பாலம் முழுவதும் அவன் தோளில் இருக்கிறது. மேலே தேவர்கள் விளக்கேந்தி வரிசையாகப் போகிறார்கள். அவன் வாயை இறுக மூடியிருக்கிறான். அக்கா அவனைத் தொட்டாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மாமா குனிந்து பார்த்தார். "நானா?"

"அதான்."

"இந்த அசுரனா நானு?"

"அதான், அதான்."

அவர் சீப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். பின்னல் பாதியில் நின்றது. "வாயத் தெறக்காத அசுரன். சரியாத்தான் சொல்றா" என்றார்.

"மாமா, அவளுக்கு எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதானே. நீங்களா ஏதாவது நெனச்சுக்காதீங்க."

"இல்லம்மா. இத்தன வருஷமா மனசுல வச்சிருந்தா. இப்பச் சொல்லிட்டா. சொல்லட்டும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "அதான்" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயிலிருந்து வரவில்லை. அந்த வார்த்தை காரியத்தை மேலும் கெடுத்தது. மீதிப் பின்னலை நான் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் மாமா எந்த வேலையையும் குறைக்கவில்லை. வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி. ஆனால் அவள் எதிரில் உட்காருவதை விட்டுவிட்டார். புத்தகத்தை பீரோவின் மேல் வைத்துவிட்டார். நான் போகும்போதெல்லாம் அக்கா அந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெங்களூருக்குப் போன் போட்டு மகளிடம் கேட்டேன். "அந்தப் பாலத்தைத் தாங்குற அசுரன் யாருடி? கெட்டவனா?"

"ஐயோ அம்மா, கதையப் படிக்காம படத்த மட்டும் பாத்தீங்களா? அதுல சாமிங்களுக்குக் காலே வரைஞ்சிருக்க மாட்டாங்க. தரையில படாதவங்க, வலி தெரியாதவங்கன்னு அர்த்தம். அசுரங்களுக்குப் பெரிய காலு, பெரிய தோளு. அந்த ஊர்ல எல்லாத்தையும் சுமக்கறது அவங்கதான். அவன் நகந்தா பாலம் விழுந்துரும். அதனாலதான் பல்லக் கடிச்சிட்டு நிக்கறான்."

அடுத்த சனிக்கிழமை நாற்காலி போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தேன். அக்கா தானே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். இந்தத் தடவை அவள் விரல் எங்கே போகிறது என்று உற்றுப் பார்த்தேன். கொம்புக்கும் போகவில்லை, வாய்க்கும் போகவில்லை. கல் அழுத்துகிற அந்தத் தோளை, புண்ணைத் தடவுவதுபோலத் தடவினாள். பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவளைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, அந்த மாதம் முழுக்க அவர்மேல் தைல வாசனை அடித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாவம், ரொம்பச் சுமக்கறார்ங்கறியா அக்கா?"

"அதான்." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் இங்க வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசல்வரை வந்தவர், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தார். "பாத்தாச்சும்மா. எத்தன தடவ பாக்கறது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டார். அவர் திரும்ப நேரமாயிற்று. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் உட்கார வைத்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

அந்த வாரத்தின் நடுவிலேயே அக்காவுக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் காலில் செருப்பு இல்லை. ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவளிடம் பேசிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். "என்னென்னவோ பேசினேன்மா. காதுல விழுந்துச்சோ என்னமோ." இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு நான் மாமாவிடம் சொன்னேன். தோளை அவள் தடவினதைச் சொன்னேன். மகள் சொன்ன கதையைச் சொன்னேன். அக்கா அழுததையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"என் மனசு ஆறணும்னு சொல்றியாம்மா?"

"இல்ல மாமா. நான் கண்ணால பாத்தேன்."

"நீ கேட்டதுக்கு அவ அதான்னு சொன்னா. நான் கேட்டதுக்கும் அதையேதான் சொன்னா. இதுல எதை எடுத்துக்கறது?"

பிறகு அவரே புத்தகத்தைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் போகாமல், முதல் பக்கத்திலிருந்து எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். நான் ரசம் வைக்க எழுந்தேன்.

"ரெண்டையும் சேத்துத்தான் சொன்னாளோ என்னமோ" என்று பின்னாலிருந்து அவர் சொல்வது கேட்டது. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் திரும்பவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது புத்தகம் மடியில் திறந்தபடி இருக்க, உட்கார்ந்த நிலையிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வராமல் தட்டை மூடி வைத்துவிட்டு, அவர் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.