கிளுவை வேலியில் ஒரு டப்பா

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு மதுக்கரையில். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, எழுதிப் பழக்கமில்லை. புதிதாக டப்பா தேடக் கிளம்புகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் என் மனைவியைக் கேட்டார்கள். அவள், "நீங்களே எழுதுங்க. நான் எழுதுனா பெரும பேசறாப்பல இருக்கும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று பேர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தைச் செல்போன் வரைபடத்தில் குறித்துவிடுவார். மற்றவர்கள் அதைப் பார்த்து வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். உள்ளே சின்னச் சின்ன சாமான் இருக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது.

ஒரு வீடு மாற்றும் சவாரியில்தான் எங்களுக்கு இது தெரிய வந்தது. சரவணம்பட்டியில் கம்பெனி வேலை பார்த்த ஒரு பெண் மேட்டுப்பாளையத்துக்குக் குடி போனது. பாதி வழியில், "அண்ணா, சித்த ஓரங்கட்டுங்க" என்றது. இறங்கிப் போய் ஒரு மைல் கல்லுக்குப் பின்னால் கையை விட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை எடுத்தது. எழுதியது. திரும்ப வைத்துவிட்டு வண்டி ஏறியது. மேட்டுப்பாளையம் போகிற வரைக்கும் எனக்கு அதைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அத என்ற போன்லயும் போட்டுக் குடுங்க."

அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். "போயிட்டு சும்மா திரும்பி வர்றதுக்கு எதுக்கு நடக்கோணும்" என்று உட்கார்ந்திருந்தவள். டப்பா இருக்கிறது என்றால் வெயிலில்கூட நடந்தாள். நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு போவேன்.

தேடுகிறவர்களுக்கு நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். செல்போன் கிட்டத்தில் கொண்டுபோய் விடும். அப்புறம் அதைப் பையில் போட்டுவிடுங்கள். அதையே பார்த்துக்கொண்டு சுற்றினால் தலைதான் சுற்றும். நின்று கண்ணால் பாருங்கள். தானாக விழுந்த கல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்காது. பொந்துக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் குச்சியை விட்டுத் தட்டுங்கள். பாம்புக்கு நம் விளையாட்டு தெரியாது.

இன்னொன்று. இந்தப் பக்கத்தில் யாரும் குனிந்து எதையாவது தேடினால் பார்த்துக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். ஒரு குளக்கரையில் என் மனைவி குனிந்திருந்தாள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, என்னத்தத் தொலச்சுப்போட்டீங்க?"

அவள் வாயில் என்ன வந்ததோ, "தோடுங்க" என்றாள்.

அவர் ஆட்டை விட்டுவிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார். புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தேடியது. ரொம்ப நேரம் தேடிவிட்டு நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தது.

"அம்மணி, ரெண்டு காதுலயும் தோடு இருக்குதுங்களே."

"ஆமா, ஆரு தோடத் தேடறோம்?" என்றார் ஆட்டுக்காரர்.

டப்பா எடுக்காமலே வண்டியைக் கிளப்பினேன். பொய் சொல்லாதீர்கள். விளையாட்டு என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள்.

மற்றவர்கள் வைத்ததையே எடுத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், "நாமளும் ஒண்ணு வெக்கலாமுங்க" என்றாள். "ஆரோ ஒருத்தர் எங்கிருந்தோ வந்து நான் வெச்சதக் கண்டுபுடிக்கோணும். ஒருத்தர் போதும்." இத்தனை வருசத்தில் அவள் ஒரு சேலைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. சரி என்றேன்.

டப்பா வைப்பதில் முதல் வேலை இடத்துக்காரரிடம் கேட்பது. எங்கள் ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு. சாலை ஓரமாகக் கிளுவைக் கம்பு நட்டு வளர்த்த வேலி. ஐப்பசி மழையில் பச்சைப் பசேல் என்று நின்றது. தோட்டத்து அம்மாவைக் கேட்டோம். "தாராளமா வெச்சுக்குங்க. மரத்தடீல மட்டும் வேண்டாம். வர்றவங்க தலைல காய் உழுந்தா ஆரு பதில் சொல்றது?" என்றது. நியாயம்தான். வேலிக்குள் வைத்தோம்.

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாகப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய டப்பாவை இந்த ஊரில் எங்கேயும் வைக்காதீர்கள். கேட்பாரற்றுக் கிடந்தால் போலீஸ் வரும், ரோட்டை மறிப்பார்கள். தின்கிற பண்டம் வேண்டாம், எறும்பு வரும். அவள் ஒரு நீலக் கிளிப், சைக்கிள் பெல், கோலிக்குண்டு, விரல் உயர அந்தோணியார் சுரூபம் வைத்தாள். "தொலஞ்சதத் தேடிக் குடுக்கறவரு. உள்ளயே இருக்கட்டும்" என்றாள். டப்பாமேல் ஒன்றும் எழுதவில்லை. அதுதான் தப்பு என்று அப்போது தெரியவில்லை.

ரொம்ப நாள் யாரும் வரவில்லை. பொங்கல் கழிந்து ஒருவர் வந்துபோய், 'கிடைக்கவில்லை' என்று செல்போனில் போட்டார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். வரைபடத்தைக் கவனிக்கிறவர்கள், போய்ப் பாருங்கள், சரி செய்யாவிட்டால் உங்கள் டப்பாவை எடுத்துவிடுவோம் என்று எழுதினார்கள். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் டப்பாவே வெக்காம ஏமாத்தறேன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனைக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் கிளுவையில் ஓர் இலை இல்லை. மழைக்குத் தழைக்கிற வேலி வெயிலுக்குக் கொட்டிவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். வைக்கிறபோது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குச்சி குச்சியாக நின்றது. டப்பா இருந்த இடம் ரோட்டிலிருந்தே தெரிந்தது. டப்பா இல்லை.

எதிரே ஒரு டீக்கடை. அவள் போய்க் கேட்டாள். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"டப்பாங்களா? உள்ள என்னென்ன இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"கிளிப்பு ஒண்ணு."

"என்ன கலரு?"

"நீலமுங்க. சைக்கிள் பெல்லு, கோலிக்குண்டு, அந்தோணியாரு."

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தார். துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"இப்பத்தான் சரியான ஆளு வந்திருக்கீங்க. வேலீல அநாமத்தாக் கெடந்துதுங்க. ஆரோ தவற உட்டுட்டாங்கன்னு எடுத்து வெச்சேன். இதுக்கு முன்னால ஆராரோ வந்தாங்க. உள்ள என்னன்னு கேட்டா முழிக்கறாங்க. குடுப்பனுங்களா நானு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். சிரித்தால் அவர் மனசு கஷ்டப்படும்.

உட்கார்ந்து விளக்கிச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவங்க நெசமாலுமே தேடி வந்தவங்களா?"

"ஆமாங்கண்ணா."

"அட, நாந்தான் கெடுத்துப்போட்டனா? சரி உடுங்க. இனி வர்றவங்களுக்கு நானே எடத்தக் காட்டி உட்டர்றேன்."

"ஐயோ, அதும் வேண்டாமுங்கண்ணா. அவங்களாத் தேடோணும்."

"தேடறவங்கள எப்படிங்க பாத்துட்டுச் சும்மா இருக்கறது?"

அது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவரைப் பிடித்துப்போனது.

தோட்டத்து அம்மாவை மறுபடி கேட்டோம். தோப்பு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண், பின்னால் ஒரு பொந்து. எந்த மாதமும் அப்படியே இருக்கிற இடம். டப்பாவை அங்கே வைத்தோம். 'இது விளையாட்டு டப்பா. தொலைந்த பொருள் அல்ல. பார்த்துவிட்டு இங்கேயே வைக்கவும்' என்று மேலே தமிழில் எழுதி ஒட்டினாள். நீங்களும் அப்படி எழுதுங்கள். வரைபடத்திலும் இடத்தைத் திருத்தினாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அந்தக் கடைக்குத்தான் டீ குடிக்கப் போவோம். சர்க்கரை இல்லாமல் அவளுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சர்க்கரை எனக்கு. மாஸ்டர் தினமும் தூணை ஒரு பார்வை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யாரும் வரவில்லை.

ஒரு ஞாயிறு ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்து நின்றார். வயது நாற்பது இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே வேலியோரம் நடந்தார். திரும்பி நடந்தார். மனைவி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் வேலிக்கு அடியில் பார்த்தார். தென்னைப் பக்கம் பார்த்தார். தூணைப் பார்க்கவே இல்லை.

"தூண உட்டுட்டு அக்கட்டப் போறாருங்க" என்றார் மாஸ்டர், வாய்க்குள்.

"சும்மா இருங்கண்ணா."

"ஒரே ஒரு வார்த்த சொல்றனுங்க."

"கூடாது."

மாஸ்டர் கடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பால் பொங்கியது. நான் போய் அடுப்பைக் குறைத்தேன்.

ஸ்கூட்டர்காரர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். நின்றார். ஒரு குச்சியைப் பொறுக்கி, தூணுக்குப் பின்னால் விட்டுத் தட்டினார். அப்புறம் கையை விட்டார். டப்பாவைத் திறந்து, தூண்மேல் சீட்டை வைத்து நிதானமாக எழுதினார். சைக்கிள் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். கடை வரைக்கும் கேட்டது.

எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்க வந்தார். மாஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை.

"கெடச்சுதுங்களா?"

"என்னதுங்க?"

"இல்ல, உக்கார எடம் கெடச்சுதுங்களான்னு கேட்டேன்."

பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் மாஸ்டரைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்து டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்க வெச்சதுங்களா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமாங்க."

"நல்லா வெச்சிருக்கீங்க. சுத்த உட்டுட்டீங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து, பெஞ்சில் அவருக்கு இடம் விட்டாள்.