மூன்றாவது டிவிடி

மகள் புது மடிக்கணினி வாங்கியிருக்கிறாள். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை கூடமெங்கும் பரவியது. நான் அதன் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா, கன்னுக்குட்டி வாங்குனவுக மாதிரித் தடவுறீக?"

"டிவிடி போடுற வாசலத் தேடுறேன்."

"அதெல்லாம் இப்ப கிடையாதுப்பா. கெட்டுப்போனா டிவிடி இல்லாம அதுவே சரி பண்ணிக்கும்."

அதுவே சரி பண்ணிக்குமாம்! நான்தான் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டேன்.

அந்த வாசனை என்னை இன்றும் என் முதல் மடிக்கணினியிடம் கொண்டுபோய்விடும். காரைக்குடியில் வீட்டிலேயே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து பிழைக்கத் தொடங்கியிருந்த காலம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் விழா மலர், எது வந்தாலும் சரி. அதற்காக வாங்கிய முதல் மடிக்கணினி, திறந்த அன்றே ஒரு கட்டளை போட்டது. நான் கெட்டுப்போனால் எழுப்புவதற்கு மீட்பு டிவிடிகள் செய்து வைத்துக்கொள், ஒரே ஒரு முறைதான் செய்யலாம். பிறந்த அன்றே தன் சாவைப் பற்றிப் பேசிய பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாலு டிவிடி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூசி பறக்குமென்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டேன். அது தட்டை நீட்டும், நான் வைப்பேன், உள்ளே இழுத்துக்கொண்டு உறுமும். பிரசவ அறை வாசலில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. எழுதி முடித்த டிவிடிகளில் மார்க்கரால் எண் போட்டு, கீழே 'தொடாதே' என்றும் எழுதி, உறையிலிட்டுப் புத்தக அலமாரியில் வைத்தேன். நான் படித்தவன் என்பதற்கு அந்த அலமாரிதான் சாட்சி. அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் இல்லை. யாரும் திறக்கமாட்டார்கள், என்னையும் சேர்த்து.

பிறகு ஒரு தை மாதம் ஹார்ட் டிஸ்க் போயிற்று. அரியக்குடிப் பக்கம் ஓர் ஐயனார் கோயிலின் குடமுழுக்கு மலர் என் கையில் இருந்தது. நாலு நாளில் அச்சுக்குப் போகவேண்டும். பக்கங்கள் நல்லவேளையாக பென் டிரைவில் இருந்தன. கடைக்காரர் புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு, "மீட்பு டிவிடி இருந்தா வீட்லயே போட்டுக்கங்க சார். இல்லேன்னா கம்பெனில கேட்டு வாங்கணும், பதினஞ்சு நாளாகும்" என்றார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். என்னிடமா இல்லாமல் போகும்?

முதல் டிவிடி ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதை உள்ளே வாங்கிய கணினி கரகரவென்று இருமி, படிக்க முடியவில்லை என்று வெளியே துப்பியது. எடுத்துத் திருப்பினேன். பளபளக்கும் பக்கத்தில் வட்டமாகக் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"யாரு வச்சது இது?"

"நாந்தான்" என்றாள் மனைவி. "சரசுவதி பூசைக்கு. புத்தகத்துக்கு வச்சேன், கம்ப்யூட்டருக்கு வச்சேன். இதுல ஒண்ணுக்காவது வைக்காட்டி எப்புடி?"

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே!"

"எழுத்து அழிஞ்சிரும்னுதான் பின்னாடி வெறுமையா இருந்த பக்கம் வச்சேன். எழுத்தத் தொட்டேனா, சொல்லுங்க?"

தொடவில்லைதான். நகத்தால் சுரண்டக் கையை நீட்டி, கீறல் விழுந்தால் மலரும் போய் மானமும் போகும் என்று மடக்கிக்கொண்டேன்.

மூன்று வீடு தள்ளி இருந்த நகைப் பட்டறைக்கு டிவிடியோடு ஓடினேன். பத்தர் என்னோடு பள்ளியில் படித்தவன்.

"என்ன மாப்ள, வெள்ளித் தட்டா? பொட்டெல்லாம் வச்சுக் கொண்டாந்திருக்க?"

"கீறல் விழுந்தா என் பொழப்பே போச்சுடா."

சிரிப்பை நிறுத்திவிட்டான். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி டிவிடியை அதில் மிதக்கவிட்டான். சந்தனம் இளகியதும், கல் வைத்த தோட்டை அலசும் மெல்லிய பிரஷை எடுத்தான்.

"வட்டமாத் தேய்க்காதடா! நடுவுலேருந்து ஓரத்துக்கு!"

"அங்குட்டுப் போயி உக்காரு. தோடு கழுவ வர்ற பொம்பளைககூட இம்புட்டுப் பதறமாட்டாக."

கழுவித் துணியில் ஒற்றிக் கொடுத்தான். வேடிக்கை பார்க்கக் கைலியோடு என்கூடவே வந்தும் விட்டான். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அறுபத்தொரு சதவிகிதத்தில் எண் நின்றது. மனைவி பிள்ளையாரிடம் ஏதோ வேண்டிக்கொண்டாள். பத்தர் தன் பிரஷ் மேல் குற்றமில்லை என்பதுபோல என்னைப் பார்த்தான். அறுபத்திரண்டு. கொஞ்ச நேரம் கழித்து, 'நான்காவது டிவிடியைப் போடவும்' என்று வந்தது. அதைவிட அழகான வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நான்காவதை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

மலர் நாள் தவறாமல் வந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் பத்தர் பெயரையும் சேர்த்திருந்தேன். கோயிலுக்கு இவர் என்ன கொடுத்தார் என்று விழாக்குழுவில் கேட்டார்கள். கழுவிக் கொடுத்தார் என்றேன்.

மகளுக்கு இந்தப் பதற்றமெல்லாம் இல்லை என்பதில் எனக்கு நிம்மதிதான். என் கணினி அதற்குப்பிறகு ஆறு வருடம் உழைத்துவிட்டு, மதர்போர்டு எரிந்து ஒரேயடியாகக் கண்ணை மூடியது. மீட்பு டிவிடிகள் நாலும் ஒரு பழுதும் இல்லாமல் இருக்கின்றன. அந்த ஒரு கணினியை எழுப்ப மட்டுமே தெரியும் அவற்றுக்கு.